கரை ஒதுங்கியவர் கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் எழுத்தில் கேட்டதால், அன்று நேரமின்மையால் விட்டுப்போன சில தகவல்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.)



"இந்த முறை நீங்கள் ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் சொன்னபோது, தண்ணீர்த் தொட்டிக் கணக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வரலாறு பேச நான் பேராசிரியர் இல்லை. பி.காம். படித்து, ஆயுளில் பாதியை வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் கழித்தவன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் நிறைய. நூலகத்தில் எடுத்துப் படித்த விஷயம் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இலங்கையின் கடல் வரலாறு.

பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. போன விடுமுறையில் நம் குடியிருப்புக் குழந்தைகளை வேனில் கங்கைகொண்ட சோழபுரம் அழைத்துப் போனோம் அல்லவா? அங்கே கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, இங்க கடலே இல்லையே, அப்புறம் இந்த ராஜா எப்படிக் கப்பல் விட்டாரு?" நல்ல கேள்வி. அன்று வேனில் வைத்து அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்று. நம் மாவட்டங்களுக்குக் கடல் புதிதல்ல. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் ஏன் வந்தன? சுண்ணாம்புக்கல் கிடைப்பதால். அந்தச் சுண்ணாம்புக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது அடியில் படிந்தது. காரைப் பக்கம் மண்ணில் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் என்ற கடல் உயிரியின் கல்லெச்சம் கிடைக்கிறது. வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. ஆகவே, அரியலூர் சிமெண்டில் கட்டிய வீட்டில் இருப்பவர்கள் பழைய கடலடியைத்தான் சுவராக வைத்துக் குடியிருக்கிறோம்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. கிழக்கே கடற்கரையில் நாகப்பட்டினம் துறைமுகம். ராஜேந்திர சோழன் தலைநகரை உள்ளே வைத்துக்கொண்டு, வாசலை நாகப்பட்டினத்தில் வைத்திருந்தான். கோயிலுக்கு அருகே மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கடல் வழியாக வந்த சரக்கு ஜெயங்கொண்டம் பக்கம் வரை வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன ரசீது வேண்டும்?

சோழர் கப்பல்கள் அதிகம் போய்வந்த அயல்நாடு எது என்று கேட்டால், எல்லோரும் கடாரம் என்பார்கள். 1025-ல் நடந்த அந்தப் படையெடுப்பு பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு முன்பே, பக்கத்து வீடு மாதிரி இருந்த இலங்கைதான் முதல் இலக்கு. 993-ல் ராஜராஜன் படை அங்கே போனது. 1017-ல் ராஜேந்திரன் காலத்தில் தீவு முழுவதும் சோழர் கைக்கு வந்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. மன்னார்க் கரையில் இருந்த மாதோட்டம் என்ற பழைய துறைமுகம் ராஜராஜபுரம் ஆனது. பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற சிறிய கல் கோயில் இன்றும் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்க முடியாது. பற்றுப் பக்கமும் உண்டு. அனுராதபுரம் அந்தப் போரில் அழிந்தது. விகாரைகள் கொள்ளை போயின. அந்நாட்டு அரசன் ஐந்தாம் மகிந்தன் மணிமுடியோடு சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 12 ஆண்டுகள் சிறையிலேயே இருந்து 1029-ல் இங்கேயே இறந்தான். 1070-ல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். நம் பிள்ளைகளுக்கு வெற்றியைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் இதே கதையை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, அந்தத் தீவுக்கு ஏன் இத்தனை கிராக்கி? வங்கிக்காரனாக எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நமக்கெல்லாம் காசோலைத் தீர்வகம் தெரியும். முன்பெல்லாம் அந்தந்த வங்கி தன்னிடம் வந்த காசோலைகளை அங்கே கொண்டுபோய் மாற்றிக்கொண்டது. இலங்கை, இந்தியப் பெருங்கடலின் தீர்வகம். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மேற்கிலிருந்து அரபு, பாரசீகக் கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் கிழக்கிலிருந்து சீன, மலாய்க் கப்பல்கள் வரும். காற்று திரும்பும் வரை எங்கேயாவது காத்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது இந்தத் தீவு. பாக் நீரிணையோ ஆழம் குறைவு. பெரிய கப்பல் ஒன்று தீவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் மாதோட்டத்தில் சரக்கை இறக்கி மாற்ற வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர், எல்லாத் திசைக் கப்பலும் வந்துபோகும் நடுவிடம் என்ற பொருளில் இந்தத் தீவைப் பற்றி எழுதினார். அதற்கும் முன்னால் சீனத் துறவி பாகியான், 411-ல் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏறிய வணிகக் கப்பலில் அங்கிருந்துதான் ஊர் திரும்பினார். இன்று கொழும்புத் துறைமுகம் செய்வதும் அதே தொழில்தான். ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது. நம் நாட்டுக் கன்டெய்னர்களும் அங்கே போய் மாறியே பல தேசங்களுக்குப் போயிருக்கின்றன.

தீவின் தென்கரையில் கொடவாய என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே கடலுக்குள் மூழ்குபவர்கள் 2003-ல் ஒரு பழைய கப்பலின் மிச்சத்தைக் கண்டார்கள். கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, கல்லில் செய்த அம்மி போன்ற பொருள்கள். வயது சுமார் 2,000 ஆண்டுகள். இந்தியப் பெருங்கடலில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கப்பல் சிதைவு என்று அதைச் சொல்கிறார்கள். அதே ஊரில் கஜபாகு மன்னன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அந்தத் துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்தை விகாரைக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். சுங்கம் வசூலித்தார்கள் என்றால் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்திருப்பார். அவரை நினைத்தால் எனக்கு ஒரு தோழமை உணர்வு.

காலியில் 1911-ல் இன்னொரு கல் கிடைத்தது. மதகுக்கு மூடியாகக் கிடந்த அந்தக் கல்லில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1409 என்று ஆண்டு போட்டிருக்கிறது. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனவரை நாயனார் என்ற திருமாலுக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போட்டு, மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கொடுத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் எந்த மொழிகள் புழங்கின என்பது அந்தக் கல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றில் ஒன்று தமிழ். அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1505-க்குப் பிறகு போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். அது நீங்கள் பள்ளியில் படித்ததுதான். ஆனால் கப்பல் கட்டும் கை அங்கே அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல், அந்த ஊர் மாலுமிகளோடு 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் புத்தகத்தில் படித்து ஆச்சரியப்பட்டது. இனிமேல் சொல்லப்போவது என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயில் உள்ள தீவு. அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. எழுதச் செய்தவர் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12-ஆம் நூற்றாண்டு. சிங்கள அரசர். கல்வெட்டு மொழி தமிழ். படிக்க வேண்டியவர்கள் தமிழ் வணிகர்கள் அல்லவா!

அதன் செய்தி இதுதான். வெளிநாட்டார் ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்துபோனால், கரை சேர்ந்ததில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

முதலில் படித்தபோது வங்கி மூளைதான் வேலை செய்தது. யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை? அரசருக்குப் படைக்கு அவை வேண்டும். ஆகவே நஷ்டத்தில் பெரும்பங்கை விட்டுக்கொடுத்து, வியாபாரியை வரவழைக்கிறார். முன்னுரிமைத் துறைக் கடனுக்கு நாம் வட்டியைக் குறைப்பது போல. நல்ல வியாபார புத்தி.

பிறகுதான் பெரிய விஷயம் உறைத்தது. அந்தக் காலத்தில் பல கரைகளில், கப்பல் உடைந்து ஒதுங்கிய பொருள் அந்தக் கரையை ஆண்டவனுக்குச் சொந்தம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-ல் ஒரு கல்வெட்டு வைத்தார். முந்தைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் பறித்துக்கொண்டார்கள், நான் வழக்கமான சுங்கம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அதில் சொல்கிறார். இரண்டு அரசர்களும் ஒரே கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்கள்: எல்லாம் இழந்து கரையில் வந்து நிற்பவனிடம் நாம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

அந்தக் கேள்வியைப் படித்த இரவு எனக்கு 1982 ஞாபகம் வந்தது.

அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை மலைத் தோட்டங்களில் வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி, அன்றைய திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள். நம் பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம்தான். பஞ்சத்தில் கால்நடையாகப் போய், தோணி ஏறிக் கடல் தாண்டி, மறுபடி மலை ஏறினார்கள். மூன்று தலைமுறை காபியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நான் எத்தனையோ வருடம் கூட்டிக் கழித்திருக்கிறேன். மனிதர்களை இப்படி வகுத்த கணக்கை வேறெங்கும் பார்த்ததில்லை. நயினாதீவுக் கல்லில் பங்கு போட்டது சரக்கை. இங்கே பங்கு போட்டது ஆட்களை.

அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவினார்கள். அவர்களில் ஒருவர் 1982-ல் என் கவுன்ட்டருக்கு வந்தார்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். இன்று போல ஆதார், பான் எதுவும் கிடையாது. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி.

"உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது நம்ம கிளையில கணக்கு வச்சிருக்காங்களா?"

"எங்க தாத்தா இந்தத் தாலுக்கா ஆளுதாங்க."

"அது சரிங்க, இப்ப உங்களைத் தெரிஞ்சவங்க யாரு?"

"இங்க எங்கள யாருக்கும் தெரியாதுங்களே."

"அப்ப யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் மேலதிகாரியைக் கூப்பிடும் சொல் அது. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பையனை அவர் தொரை என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் முறை வந்தார். மூன்றாம் முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில். நான்காம் முறை வரவில்லை.

விதியை நான் மீறவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே விதிப்படி, நானே கையெழுத்துப் போட்டிருக்கலாம். எனக்கும் அந்தக் கிளையில் கணக்கு இருந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் போட்டிருப்பார். ஒரு நிமிட வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை. தாத்தா போன ஊருக்கே பேரன் திரும்பி வந்து நிற்கிறான், அவனை இந்த ஊருக்கு அறிமுகம் செய்ய ஓர் ஆள் இல்லை. 800 வருடத்துக்கு முன் அந்நிய வியாபாரிக்கு "வந்து தங்கு, பாதுகாப்பு உண்டு" என்று ஓர் அரசர் கல்லில் வெட்டி வைத்தார். கையில் பேனா வைத்திருந்த நான், சொந்த ஊர்க்காரனுக்கு ஒரு கையெழுத்துப் போடவில்லை.

அவர் வேறு வங்கிக்குப் போனாரா, பணத்தைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டாரா, தெரியாது. இத்தனை வருடம் கழித்து அவர் முகம்கூடச் சரியாக நினைவில்லை. "தொரை" என்ற சொல் மட்டும் இருக்கிறது.

இதனால்தான் இலங்கையின் கடல் வரலாறு எனக்கு வெறும் கப்பல் வரலாறாகத் தெரியவில்லை. போனவர்கள், வந்தவர்கள், வந்தவர்களை யார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்ற வரலாறாகத் தெரிகிறது.

முடிக்கும் முன் உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில மணி நேரப் பயணம். பாஸ்போர்ட் வேண்டும். பருவநிலையைப் பொறுத்து நாள்கள் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வருடாவருடம் ஊட்டி, கொடைக்கானல் என்று போகிறோமே, ஒரு முறை இதையும் யோசிக்கலாம். நயினாதீவுக்குப் படகு உண்டு. அந்தக் கல்லை நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், நம் குடும்பத்திலிருந்து யாராவது சிலோனுக்குப் போனார்களா என்று கேளுங்கள். நம் பகுதியில் பல வீடுகளில் அந்தக் கதை இருக்கும். கேட்காததால் சொல்லாமல் இருப்பார்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த இதழுக்கும் அனுப்புங்கள்.

மூன்று. நம் சங்கத்தில் புதிதாக வாடகைக்கு வருபவர்களுக்கு ஒரு படிவம் கொடுக்கிறோம். அதில், 'இக்குடியிருப்பில் தங்களை அறிந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் வைத்தோம், வைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். போன மாதம் வெளி மாநிலத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த ஒரு தம்பி, அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியாமல் காவலாளி அறை முன்னால் பெட்டியோடு வெகுநேரம் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டை பாருங்கள், தொலைபேசி எண் வாங்குங்கள், காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவியுங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக யாரையும் வாசலில் நிறுத்த வேண்டாம்.

செயலாளருக்கு நான் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டத்தில் போட ஆள் இல்லாமல் யார் வந்தாலும், எந்த நேரமானாலும், என் வீட்டு மணியை அடிக்கச் சொல்லுங்கள். நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.